நிழலுக்கு மூடாத சிப்பி

அர்ஜுனனுக்குப் பெங்களூர் பொம்மசந்திராவில் பம்பு செட் செய்யும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. வாங்கியவர்களிடமிருந்து திரும்பி வரும் பம்பைப் பிரித்துப் போட்டு, அது ஏன் பழுதானது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அதற்கு அங்கே ஒரு முறை உண்டு. ‘ஏன்’ என்று ஐந்து தடவை கேட்க வேண்டும். மோட்டார் ஏன் எரிந்தது? அளவுக்கு மீறிச் சூடானதால். ஏன் சூடானது? பேரிங் இறுகிப் போனதால். ஏன் இறுகியது? இப்படியே இறங்கிக்கொண்டு போனால் ஐந்தாவது ஏனில் ஓர் ஆள் நிற்பான். கிரீஸ் வைக்க மறந்தவன், போல்ட்டைச் சரியாக முடுக்காதவன், யாரோ ஒருவன். ஆள் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது.

அர்ஜுனன் அதில் கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைச் சாயங்காலம் கம்பெனி கேட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் ஒரு குடும்பம் நிம்மதியாக இருந்திருக்கும். அவனோ டிபன் பாக்ஸோடு சேர்த்து அதையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவன்.

வீடு ஈஜிபுராவில், முதல் மாடி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, பின்னால் துணி உலர்த்தும் பால்கனி. அவனும் மனைவி தமயந்தியும் மட்டும் இருந்தவரை அது போதுமான வீடு. ஹாலில் மற்றவர்கள் டிவி வைக்கிற சுவரோரம் இவன் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி வைத்திருந்தான். உள்ளே உப்புத் தண்ணீர், பவளப் பாறை, இரண்டு ஆரஞ்சு மீன், கோடு போட்ட இறால் ஒன்று. பாறை இடுக்குகளில் நான்கு சிப்பிகள். விற்றவர் கிளாம் என்பார். வீட்டில் எல்லோருக்கும் அது சிப்பிதான். ஓடு சாதாரணமாக, சுண்ணாம்பு நிறத்தில் இருக்கும். காலையில் விளக்குப் போட்டதும் ஓட்டின் வாய் திறந்து, உள்ளிருந்து சதை விளிம்பு பட்டுப்புடவைக் கரை மாதிரி மடிப்பு மடிப்பாக வெளியே வரும். ஒன்று நீலம், ஒன்று பச்சை, மற்ற இரண்டும் பழுப்பில் தங்கப் புள்ளி. கண்ணாடிக்கு முன்னால் யாராவது நடந்தால், நிழல் பட்ட அந்த நொடியே சுருக்கென்று உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இவற்றை அவனுக்குக் கொடுத்தவர் விவேக் நகரில் மீன் கடை வைத்திருந்த ஓஸ்வால்ட். சென்னை வரை விமானத்தில் வந்து, அங்கிருந்து இரவு பஸ்ஸில் தெர்மாகோல் பெட்டிக்குள் வருமாம். பில் கிடையாது. எந்தக் கடலில் எடுத்தது என்று கேட்டால், “அதெல்லாம் கேக்காதீங்க சார், சாமியே சரணம்னு கொண்டு போங்க” என்பார் அந்தக் கத்தோலிக்கர். அர்ஜுனனும் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஏன் கேட்கிறவன், ஆசைப்பட்டது கைக்கு வரும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டான்.

அம்மா போன பிறகு அப்பா வெங்கடசாமி குடியாத்தத்திலிருந்து இவனிடம் வந்து சேர்ந்தார். மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெங்களூரில் அவருக்குப் பேச்சுத் துணை இல்லை. கீழ்வீட்டுக்காரர் கன்னடத்தில் பேசுவார், இவர் தமிழில் பதில் சொல்வார், இரண்டு பேரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் ஹாலில், தொட்டிக்குப் பக்கத்தில், ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலிக்கு அடியில் தகர மூடியில் ஒரு கொசுவத்திச் சுருள், பகலிலும் புகைந்துகொண்டிருக்கும். மாட்டாஸ்பத்திரியில் இருந்த காலத்திலிருந்தே அந்தப் பழக்கம். காலடியில் புகை வந்தால்தான் அவருக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

தொட்டியைக் கவனிக்கிற வேலையை அவராகவே எடுத்துக்கொண்டார். விளக்குச் சூட்டில் தண்ணீர் ஆவியாகிக் குறைந்துகொண்டே இருக்கும். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது. சமையலறையில் மாட்டியிருந்த மெஷினில் சொட்டுச் சொட்டாக வடிகட்டி, பின் பால்கனியில் ஒரு நீல டிரம்மில் அர்ஜுனன் சேர்த்து வைத்திருந்தான். நாங்கள் குடிக்கிற தண்ணீரைவிட அது சுத்தம் என்று தமயந்தி பொருமுவாள். மூடி வைக்காதீர்கள், தண்ணீருக்குக் காற்றுப் பட வேண்டும் என்பது அர்ஜுனனின் உத்தரவு. இணையத்தில் எங்கேயோ படித்தது. அப்பா காலையும் சாயங்காலமும் அந்த டிரம்மிலிருந்து மக்கில் மொண்டு வந்து, குறிபோட்ட இடம் வரை ஊற்றுவார்.

“தண்ணி ஊத்தினா மீனுங்களுக்கு இன்னா குஷிடா! ஓடியாந்து ஓடியாந்து தின்னுதுங்க” என்று சொல்வார்.

“வெறும் தண்ணியில திங்கறதுக்கு என்னப்பா இருக்கு?” என்று அர்ஜுனன் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பான். இந்த ஒரு ஏனை அவன் அப்போதே ஒழுங்காகக் கேட்டிருக்கலாம்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், பொங்கல் கழிந்து நீலச் சிப்பி செத்தது. முந்தைய நாள் வரை நன்றாக விரிந்துகொண்டிருந்தது. காலையில் ஓடு அகலமாகப் பிளந்து கிடக்க, உள்ளே சதை தளர்ந்து தொங்கியது. வெளியே எடுத்தபோது வீடெல்லாம் நாறிற்று. தண்ணீரைச் சோதித்துப் பார்த்தான்: உப்பு சரி, சுண்ணாம்புச் சத்து சரி, சூடு சரி. ஒரு குறையும் இல்லை. சிவராத்திரிக்குப் பிறகு தங்கப் புள்ளிகளில் ஒன்று. உகாதிக்குப் பச்சை.

“மாடா இருந்தா வாயத் தொறந்து பாத்துச் சொல்லிடுவேன்” என்றார் அப்பா. “இது வாயத் தொறந்தாலே செத்துப்போச்சின்றியே, நான் இன்னாத்தப் பாக்கறது?”

அர்ஜுனன் சிரிக்கவில்லை. பச்சைச் சிப்பியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். உயிர் போன வருத்தம் இருந்தது; பொய் சொல்வானேன், உண்மையாகவே இருந்தது. ஆனால் காரணம் தெரியாமல் செத்ததுதான் அவனை அதைவிடப் பிடுங்கியது. ஒரு பம்பு காரணமில்லாமல் நிற்பதில்லை. சிப்பி மட்டும் எப்படி நிற்கும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை தொட்டிக்கு எதிரே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தான். சிப்பி ஏன் செத்தது? தண்ணீரில் சோதனைக்குச் சிக்காத விஷம். விஷம் ஏன் வந்தது? தொட்டியின் காற்றுப் பம்பு வெளியிலிருந்து இழுத்துவிட்டது. பம்பு ஏன் இழுத்தது? அதைச் சுற்றிப் புகை இருந்தது. புகை ஏன் இருந்தது? கொசுவத்தி எரிந்தது. கொசுவத்தி ஏன் எரிந்தது? தலையை நிமிர்த்திப் பார்த்தான். நாற்காலியில் அப்பா உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆள் கிடைத்துவிட்டார்.

“அப்பா, இனிமே இந்த வீட்டுல கொசுவத்தி கூடாது” என்றான். “மேட், லிக்விட், எதுவும் கூடாது. அந்த மருந்துதான் சிப்பியைக் கொல்லுது.”

அவர் குனிந்து சுருளை எடுத்தார். அப்போதுதான் ஏற்றியிருந்தார், நுனியை விரலால் நசுக்கி அணைத்தார். “அப்டியாடா? தெரியாம போச்சே” என்றார். ஒரு மறுப்பு, ஒரு முணுமுணுப்பு இல்லை. மூன்று உயிரைக் கொன்றவர் என்று மகன் சொன்னதும் அப்படியே ஏற்றுக்கொண்டார். நல்ல மனுஷர்கள் செய்கிற பெரிய தப்பு அது.

தமயந்திதான் சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். “ஏங்க, கொசு மருந்துன்னா, பூச்சியாட்டம் இருக்கற அந்த இறால்தான மொதல்ல சாகணும்? அது பாட்டுக்கு மீசைய ஆட்டிக்கினு சுத்துது.”

“உனக்குத் தெரியாது, விடு.”

“எனக்குத் தெரியாதுதான். இந்த வெயில்ல தொட்டி சூடாகக் கூடாதுன்னு எல்லா ஜன்னலையும் தொறந்து வெச்சிருக்கீங்க. மாமா நாள் பூரா இங்கதான் உக்காந்திருக்காரு. கொசு பிச்சித் திங்காதா?”

“ராத்திரி போர்வைய இழுத்துப் போத்திக்கட்டும். பகல்ல என்ன கொசு?”

அவள் பேச்சில் நியாயம் இருந்தது என்பது அவனுக்கு அப்போதே தெரிந்தது. இறாலைப் பார்த்தான், அது மீசையை ஆட்டியது. பார்வையைத் திருப்பிக்கொண்டான். கையில் கிடைத்த காரணத்தை விட்டால் மறுபடியும் ஒன்றுமில்லாமல் அல்லவா உட்கார வேண்டும்?

மிச்சமிருந்தது தங்கப் புள்ளிச் சிப்பி ஒன்றுதான். அப்பா அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். பக்கத்து வீட்டில் யாராவது வத்தி ஏற்றினால்கூட எழுந்து போய் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்துவார். கொசு கடித்தால் துண்டால் காலைத் தட்டிக்கொள்வார். தமயந்தி தேங்காய் எண்ணெயில் வேப்பெண்ணெய் கலந்து கொடுத்தாள். அதைப் பூசினால் கையோடு தண்ணீரில் கலந்துவிடும் என்று பயந்து பூசிக்கொள்ளவில்லை. முழங்காலுக்குக் கீழே தடிப்புத் தடிப்பாக இருப்பதை அர்ஜுனன் பார்த்தான். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஷூ கழற்றும்போது கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது.

வைகாசி வாக்கில் ஒரு நாள் அவன் வேலையிலிருந்து வந்ததும் அப்பா வாசலுக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் சந்தோஷம்.

“வா வா, வந்து பாரு. என் நெழலுக்கு இது மூடறதில்லடா!” கண்ணாடிக்கு முன்னால் கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார். நிழல் சிப்பியின் மேல் விழுந்தது, விலகியது. அது சோம்பலாக விளிம்பை அசைத்துவிட்டு அப்படியே கிடந்தது. “ஆள் தெரிஞ்சிபோச்சி அதுக்கு. இத்தினி நாள் சும்மாவா உக்காந்துகினு இருந்தேன்?”

அர்ஜுனனுக்கும் பெருமையாக இருந்தது. அடுத்த நாள் தொட்டிக்கு உப்பு வாங்கப் போனபோது ஓஸ்வால்ட்டிடம் அதைச் சொன்னான். அவர் பொட்டலம் கட்டிய கையை நிறுத்தினார்.

“சார், நெழலுக்கு மூடலன்னா பழகிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. மூடறதுக்குத் தெம்பு இல்லன்னு அர்த்தம். கொஞ்சம் பாத்துக்குங்க.”

இதை அவன் வீட்டில் சொல்லவில்லை. அப்பா அன்றைக்கும் கையை ஆட்டிக் காட்டினார். “ஆமாப்பா” என்றான்.

ஜூன் கடைசியில் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் கட்டிலிலிருந்து எழுந்து நிற்க முடியவில்லை. கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு, விரல் கணு ஒவ்வொன்றும் வீங்கிச் சிவந்து போயிற்று. மாட்டுக்குக் காலைக் கட்டிப் படுக்க வைத்து ஊசி போட்ட ஆள், பாத்ரூம் போக மருமகள் தோளைப் பிடிக்க வேண்டி வந்ததே என்று வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். அந்த வருஷம் ஊரே அப்படித்தான் நொண்டிக்கொண்டிருந்தது. நீலசந்திராவில் வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார். சிக்குன்குனியா என்ற பெயரைக் கேட்டு, கோழிக்கறியால் வருவது என்று பாதிப் பேர் கோழியை விட்டுவிட்டார்கள்.

விவேக் நகர் கிளினிக்கில் டாக்டர் நிறையப் பேரிடம் சொல்லிச் சொல்லி அலுத்த குரலில் சொன்னார். இது கொசுவால் வருவது. சாக்கடைக் கொசு அல்ல. இந்தக் கொசு பகலில்தான் கடிக்கும். அழுக்குத் தண்ணீரில் இருக்காது. நல்ல தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறதோ அங்கேதான் முட்டை போடும். வீட்டில் திறந்து வைத்த டிரம், தொட்டி ஏதாவது இருக்கிறதா?

“இல்லை டாக்டர்” என்றான் அர்ஜுனன்.

அப்பாவை ஆட்டோவில் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டு நேராகப் பின் பால்கனிக்குப் போனான். தினமும் பார்க்கிற டிரம்தான். மேலே தமயந்தியின் புடவை உலர்ந்துகொண்டிருந்தது. அதை ஒதுக்கிவிட்டு, வெளிச்சம் விழும்படி ஓரமாக நின்று குனிந்தான். பளிங்கு மாதிரித் தண்ணீர். அதில் நூல் நூலாக, கறுப்பாக, மேலே ஏறுவதும் கீழே இறங்குவதுமாக நூற்றுக்கணக்கில் நெளிந்தன. கொசுப் புழு. மீன்கள் ஓடிவந்து ஓடிவந்து தின்றது இதைத்தான். அப்பா மக்கில் மொண்டு போனது போக மிச்சமெல்லாம் இறக்கை முளைத்து, திறந்து வைத்த ஜன்னல்கள் வழியாகப் பக்கத்திலேயே இருந்த ஓர் ஆளிடம் போயிருக்கின்றன.

இந்தத் தடவை அவன் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஏன்கள் தாமாகவே வரிசையில் வந்து நின்றன. காய்ச்சல் ஏன்? கொசு. கொசு ஏன்? தண்ணீர். தண்ணீர் ஏன் திறந்து கிடந்தது? மூடாதே என்று உத்தரவு. கடித்த கொசுவை ஏன் விரட்டவில்லை? வத்தி கூடாது என்று உத்தரவு. கடைசியில் நின்ற ஆளைத் தேடிக்கொண்டு போக வேண்டியதில்லை. டிரம்மைக் கவிழ்த்தான். தண்ணீர் பால்கனித் துவாரம் வழியாகத் தெருவில் கொட்ட, கீழ்வீட்டுக்காரர் கன்னடத்தில் கத்தினார். அவன் காலியான டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

தமயந்தி வந்து பார்த்தாள். டிரம்மின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இரண்டு புழுக்கள் இன்னும் நெளிந்தன. அவளுக்குப் புரிந்துவிட்டது. “மாமாகிட்ட சொல்லிடுங்க” என்றாள். திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவன் சொல்லவில்லை. காய்ச்சல் விடட்டும் என்றான். காய்ச்சல் விட்டது, வலி விடவில்லை. வலி குறையட்டும் என்றான். அதற்குள் வாணியம்பாடியிலிருந்து அக்கா ஜானகி வந்து, அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மாடிப்படி இல்லாத தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் அப்பா தன்னைத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார். வீங்கிய கையைக் கண்ணாடிக்கு எதிரே தூக்கினார். சிப்பி மூடவில்லை.

“பாத்தியா” என்றார் மகளிடம். “பத்திரமா பாத்துக்கடா” என்றார் மகனிடம்.

அந்த வாரமே அது செத்தது. கொசுவத்தி நின்று மாதங்கள் ஆகியிருந்தன. புகை இல்லை, மருந்து இல்லை, உப்பு சரி, சுண்ணாம்புச் சத்து சரி. இறால் இன்னும் மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது.

செத்ததை ஒரு டப்பாவில் போட்டு ஓஸ்வால்ட்டிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவர் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

“உங்களுது மட்டும் இல்ல சார். அந்தப் பொட்டிங்கள்ல வந்தது எல்லாமே போச்சு. இந்திரா நகர்ல ஒருத்தர், ஜெயநகர்ல ரெண்டு பேரு, என் கடைத் தொட்டியில இருந்தது. ஒண்ணும் நிக்கல. எடுத்த எடத்துலயே வியாதியோ, வழியில சூடு பட்டுச்சோ, யாருக்குத் தெரியும்? எங்க எடுத்ததுன்னே தெரியாது. நீங்க சும்மா மனச வருத்திக்காதீங்க. நீங்க எது செஞ்சிருந்தாலும் செத்திருக்கும், செய்யாட்டியும் செத்திருக்கும்.”

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அர்ஜுனன் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டான். பஸ்ஸும் ஆட்டோவும் காதருகே போய்க்கொண்டிருந்தன. எது செய்திருந்தாலும் செத்திருக்கும். அப்படியானால் அப்பா அத்தனை நாளும் கால் தடித்து உட்கார்ந்திருந்தது எதற்காக?

ஞாயிறுதோறும் அப்பாவிடமிருந்து போன் வரும். ரிசீவரை அவர் காதில் ஜானகியின் மகள் பிடித்துக்கொள்ள வேண்டும். வலி எப்படி இருக்கிறது என்று இவன் கேட்பதற்குள் அவர் கேட்டுவிடுவார்.

“சிப்பி எப்டிடா இருக்கு?”

“நல்லா இருக்குப்பா.”

“நெழலுக்கு மூடுதா?”

“மூடல.”

“அதான பாத்தேன்” என்பார். தமயந்தி அந்த நேரத்தில் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். முதல் ஞாயிறு பொய் சொல்லத் தடுமாறினான். பிறகு தடுமாறுவதும் நின்றுபோயிற்று, அதுதான் அவனுக்கே பயமாக இருந்தது. தொட்டியின் விளக்கை அணைத்துவிட்டான். மீன்களையும் இறாலையும் ஓஸ்வால்ட் வந்து எடுத்துக்கொண்டு போனார். காலித் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, சிப்பி நன்றாக இருப்பதாக அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அடுத்த பொங்கலுக்கு வாணியம்பாடி போனார்கள். அப்பா இளைத்திருந்தார். நடக்கிறார், ஆனால் விரல்கள் மடங்கவில்லை. சட்டைப் பித்தானை ஜானகிதான் போட்டுவிட்டாள். சாப்பிட உட்கார்ந்தபோது எல்லோருக்கும் இலை, அவருக்கு மட்டும் தட்டும் ஸ்பூனும். சோற்றையும் குழம்பையும் உள்ளங்கை அழுந்தப் பிசைந்து, உருட்டி, வழித்துச் சாப்பிடுகிறவர். குடியாத்தத்தில் அவர் சாப்பிடுவதைப் பார்த்தாலே பசிக்கும் என்று அம்மா சொல்வாள். இப்போது ஸ்பூனை இரண்டு விரலுக்கு நடுவில் செருகிக்கொண்டு, சாம்பாரில் பாதியைத் தட்டிலேயே சிந்தி, பாதியை வாய்க்குக் கொண்டுபோனார். யாராவது ஊட்டிவிட வந்தால் கோபித்துக்கொள்வாராம்.

பெண்கள் மாட்டுப் பொங்கல் பானையைக் கவனிக்க வெளியே போனார்கள். அப்பாவும் மகனும் மட்டும் இருந்தார்கள். அப்பா உற்சாகமாக இருந்தார்.

“இங்க தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருக்கேன். எம் பையன் வூட்ல ஒரு சிப்பி கீது, அதுக்கு என்னை ஆள் தெரியும்னு. ஒருத்தன் நம்பமாட்டேன்றான். கை கொஞ்சம் சரியாவட்டும், வந்து பாக்கறேன்.” ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்: “வத்தி வெக்காம இருந்தது நல்லதாப் போச்சி. நாலுல ஒண்ணாவது நின்னுது. இல்லன்னா அதுவும் என்னாலதான் செத்துதுன்னு ஆயிருக்கும்.”

இதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை.

“சிப்பி இல்லப்பா” என்றான். “நீங்க இங்க வந்த வாரமே செத்துப்போச்சு. நான் பொய் சொல்லிட்டேன்.”

அவர் அவனைப் பார்த்தார். அர்ஜுனன் தன் இலையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். ஊரில் அந்தச் சரக்கு முழுவதும் செத்ததை, கொசுவத்திக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பதை, மூன்று சிப்பியும் அவரால் சாகவில்லை என்பதை. தமயந்தி இறாலைக் காட்டிக் கேட்டபோதே தனக்குச் சந்தேகம் வந்ததை. பிறகு டிரம்மை. அந்தக் கொசு எங்கே பிறந்தது, யார் மூட வேண்டாம் என்றது, எல்லாவற்றையும். ஒன்றை மட்டும் சொல்லவில்லை: நிழலுக்கு மூடாததற்கு என்ன அர்த்தம் என்று. அதையும் பிடுங்கிக்கொண்டால் அவரிடம் என்ன மிஞ்சும்?

“என்னை மன்னிச்சிடுங்கப்பா” என்றான். அழுகை வந்தது, எச்சில் கையோடு முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வெளியே ஜானகியின் மகள் பானை பொங்கிவிட்டது என்று கூவினாள். அப்பா மடங்காத விரல்களால் தட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று அவன் காத்திருந்தான். வந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பான். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஒரு கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்ப்பவர் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார். பிறகு, மகனிடம் ஒரு விவரம் கேட்டுத் தெரிந்துகொள்கிற குரலில், மெதுவாகக் கேட்டார்.

“அப்ப, நான் ஒரு வத்தி ஏத்தி வெச்சிருக்கலாம், இல்லடா?”

கேட்டுவிட்டு, பதிலுக்காக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.